‘பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?’ பக்கத்தில் 90,000 டாலர்! தெரியுமா?

ஆம்பூர் ஷூ கம்பெனியில் ஷிஃப்ட் முடித்து வரும் ஒரு பெண் இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டை மறந்துவிடுகிறார். புது பாஸ்வேர்ட் வைக்கப் போனுக்கு ஆறு இலக்க எண் வருகிறது. 000000 முதல் 999999 வரை அது எதுவாகவும் இருக்கலாம். மொத்தம் 10 லட்சம் எண்கள், ஆயுளோ 10 நிமிடம்! யாரால் கண்டுபிடிக்க முடியும்? முடியும் என்று 2019 ஜூலையில் காட்டியவர் நம்ம சென்னைக்காரர் லக்ஷ்மன் முத்தையா!

எப்படித் தெரியுமா? ஒரே ஐபி முகவரியிலிருந்து அளவுக்கு மீறி எண்களைப் போட்டால் இன்ஸ்டாகிராம் அப்போது தடுத்துவிடும். முகவரியை மாற்றி மாற்றி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அனுப்பினால்? 1,000 கணினிகளிலிருந்து 2 லட்சம் எண்களை அனுப்பினார். தடையே வரவில்லை! ஒரு கணினிக்கு 200 எண்கள். 10 லட்சத்தை 200-ஆல் வகுத்துப் பாருங்கள்: 5,000 முகவரிகள் இருந்திருந்தால் அப்போது எவர் கணக்கையும் பிடுங்கியிருக்கலாம். கிளவுட் வாடகை சுமார் 150 டாலர்தான் என்றும் கணக்குச் சொன்னார். இந்த வழி கெட்டவன் கையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! இவர் நேராக, இன்ஸ்டாகிராமை நடத்திய ஃபேஸ்புக்கிடம் சொன்னார். பரிசு 30,000 டாலர். அடுத்த மாதமே அதே பக்கத்தில் இன்னொரு பாதுகாப்பு ஓட்டை, இன்னொரு 10,000!

2021-இல் மைக்ரோசாஃப்ட். அங்கே ஏழு இலக்கம், ஒரு கோடி எண்கள். 1,000 அனுப்பினால் 122தான் உள்ளே போயின. சில மில்லிசெகண்ட் பிந்தினாலும் தடை. விடவில்லை மனிதர்! அத்தனையையும் ஒரே கணத்தில் போய்ச் சேரவைத்தார். 50,000 டாலர்!

இதற்கெல்லாம் முன்பே, 2015 பிப்ரவரியில், ஃபேஸ்புக்கில் எவருடைய போட்டோ ஆல்பத்தையும் அழித்துவிடக்கூடிய ஓட்டையைக் கண்டுபிடித்தவரும் இவரேதான். நம் வீட்டுக் கல்யாண ஆல்பமும் அதில் போயிருக்கும்! சொன்ன இரண்டு மணி நேரத்துக்குள் அடைத்துவிட்டு 12,500 டாலர் கொடுத்தார்கள்.

பணத்தைவிட என்னை அசத்துவது வேறு. பாஸ்வேர்டை மறக்காதவர் யார்? நாம் எல்லோரும் எரிச்சலோடு கடந்துபோகும் அந்தப் பக்கத்தில் நின்று, ‘இதை மீறினால்?’ என்று கேட்டிருக்கிறார் பாருங்கள், அதுதான் ஆராய்ச்சி!

வேலூரிலும் காட்பாடியிலும் கம்ப்யூட்டர் படிக்கும் தம்பி தங்கைகளே, நீங்களும் தேடுங்கள். ஓட்டை கண்டுபிடிப்போருக்கு நிறுவனங்கள் வைத்திருக்கும் பரிசுத் திட்டத்தின் விதிகளைப் படியுங்கள், சொந்தக் கணக்கில் மட்டும் சோதியுங்கள். ஓட்டை கண்ணில் பட்டால் அந்த நிறுவனத்துக்கோ, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்புப் பிரிவான செர்ட்-இன் அமைப்புக்கோ உடனே எழுதிப்போடுங்கள்!