முற்றத்துச் சருகும் தோட்டத்துக் களையும்

சுபஹுத் தொழுகை முடிந்ததும் விளக்குமாறும் கையுமாக முற்றத்தைக் கூட்டுகிறோம். வேப்பஞ் சருகும் பலா இலையும் ஒரு மூலையில் குவிகின்றன. நெருப்பு வைத்து விடுகிறோம். பிறகு வீட்டுத் தோட்டத்தில் குந்தியிருந்து, கத்தரிக்கும் மிளகாய்க்கும் இடையே முளைத்த புல்லை இடுப்பு நோகப் பிடுங்குகிறோம். எரித்த அந்தச் சருகுதான் இந்தப் புல்லுக்கு மருந்து என்றால் நம்புவீர்களா சகோதரிகளே?

களையின் கஷ்டத்தை வன்னிப் பெண்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1990 அக்டோபரில் வெளியேற்றப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் புத்தளத்திலும் பிற இடங்களிலும் வாழ்ந்து, 2009இல் யுத்தம் முடிந்தபின் முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் திரும்பிய எமது குடும்பங்களை வளவுகளில் வரவேற்றது பற்றைக் காடுதான். பற்றையை வெட்டி விடலாம். மண்ணுக்குள் கிடக்கும் விதையை என்ன செய்வது? ஐப்பசி மழை விழுந்ததும் அது மீண்டும் தலை நீட்டுகிறது.

பல களை விதைகள் முளைக்க வெளிச்சம் வேண்டும். முளைத்த பின் வளரவும் வெயில் வேண்டும். மண்ணை மூடி விட்டால் இரண்டும் கிடைப்பதில்லை. இதைத்தான் மூடாக்கு என்கிறோம்; பிள்ளைகளின் விவசாயப் பாடத்தில் பத்திரக்கலவை என்று வரும்.

எதைக் கொண்டு மூடலாம்?

காலபோக அறுவடை முடிந்ததும் வயலில் எரிக்கப்படும் வைக்கோல் முதல் தரம். அதில் நெல்மணி ஒட்டியிருந்தால் நனைத்து வைத்து, முளைத்தபின் புரட்டிக் காயவிட்டுப் போடுங்கள். வாழைச் சருகு, கச்சான் கோது, துண்டாக வெட்டிய தென்னோலை, வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையின் இலை எல்லாம் உதவும். விதை பிடித்த புல்லை மட்டும் போடாதீர்கள். அது களையை நாமே விதைப்பதாகும்.

எப்படி இடுவது?

முதலில் உள்ள களையை வேரோடு பிடுங்குங்கள். மண்ணை நன்றாக நனையுங்கள். பழைய பத்திரிகைத் தாளை நான்கைந்து மடிப்பாக விரித்து, அதன்மேல் மூன்று அங்குல உயரத்துக்குச் சருகு பரப்புங்கள். செடியின் தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள்; ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். விதை போட்ட பாத்தியில் நாற்று ஒரு சாண் வளரும்வரை பொறுத்திருங்கள். மூடாக்கு உக்கித் தாழும்போது மேலும் போட வேண்டும். உக்கியது மண்ணுக்குப் பசளை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஈரம் காயாமல் நிற்பதால், கிணற்றில் அள்ளும் வாளிகளும் குறையும்.

கவனிக்க வேண்டியவை

கோரைக்கு இது மட்டும் போதாது. அதன் கிழங்கு மூடாக்கைத் துளைத்து வரும். தோண்டி எடுத்தே ஆகவேண்டும். பாதீனியத்தைப் பூக்குமுன், கையுறை போட்டுப் பிடுங்குங்கள். தோல் அரிப்பும் மூச்சு முட்டலும் தரும் செடி அது. கறையான் உள்ள செம்மண்ணில் வீட்டுச் சுவரை ஒட்டிச் சருகு போடாதீர்கள். மூடாக்குக்குள் கைவிடுமுன் தடியால் தட்டிப் பாருங்கள்; பாம்பும் தேளும் ஒதுங்கும் இடம் அது.

களைநாசினி அடித்தால் வேலை சுலபமல்லவா என்று கேட்கலாம். 2015இல் இலங்கையில் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது. 2022இல் தடை நீங்கியது. இடையில் 2021இல் இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்து, விவசாயிகள் தவித்ததை நாம் மறக்கவில்லை. பெரிய வயலுக்கு மூடாக்கு மட்டும் போதும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பிள்ளைகள் ஓடித் திரியும், கிணற்றடியை ஒட்டிய ஒரு சிறு தோட்டத்துக்கு அது தாராளம். கடையில் மருந்து கிடைக்கும் ஆண்டும் உண்டு, கிடைக்காத ஆண்டும் உண்டு. முற்றத்துச் சருகு எல்லா ஆண்டும் உதிர்கிறது.

நாளைக் காலை கூட்டியபின் நெருப்புப் பெட்டியை எடுக்காதீர்கள். ஒரேயொரு கத்தரிப் பாத்தியை மூடிப் பாருங்கள். பக்கத்துப் பாத்தியைத் திறந்தே விடுங்கள். ஒரு மாதத்தில் எந்தப் பாத்தியில் அதிகம் குந்தியிருந்தீர்கள் என்று உங்கள் இடுப்பே சொல்லும்.