ஒரு நூலுக்குக் கொடுத்த விலை

நூலொன்று தன்னை எழுதிய ஆசிரியரின் பதவியைப் பறித்ததோடு, ஓர் அரசின் வீழ்ச்சிக்கும் வழிகோலிய வரலாறு ஐரோப்பாவில் உண்டு.

18ஆம் நூற்றாண்டில் ஹம்பேர்க் நகரிலே கீழைத்தேய மொழிகளைக் கற்பித்த ரைமாருஸ் என்பார், சுவிசேஷங்களை ஏனைய பழைய ஏடுகளைப் போலவே ஆராய்ந்தார். சீடர் சிலர் மக்களை ஏமாற்றினர் என்பது அவர் முடிபு. உயிரோடிருந்தவரை அதனை அவர் வெளியிட்டாரல்லர். 1768இல் அவர் மறைந்தபின், லெஸிங் என்னும் அறிஞர் அதன் பகுதிகளை ஆசிரியர் பெயரின்றியே அச்சிட்டார்.

டேவிட் ஸ்ட்ரவுஸ் அவ்வாறு மறைத்தாரல்லர். 1835இல், தமது 27ஆம் வயதில், இயேசுவின் வாழ்க்கையை ஆராயும் நூலைத் தம் பெயராலேயே வெளியிட்டார். அற்புதங்கள் ஏமாற்றுமல்ல, நடந்த நிகழ்ச்சிகளுமல்ல. ஆதிச் சபையாரின் பக்தியிலே முகிழ்த்த புராணங்கள் என்றார்.

தூபிங்கனில் அவர் வகித்த பதவி போயிற்று. 1839இல் சூரிச் சர்வகலாசாலை அவரைப் பேராசிரியராக நியமித்தது. மக்கள் கொதித்தெழுந்தனர். ஒரு விரிவுரையேனும் நிகழ்த்துமுன் அவருக்கு ஓய்வூதியம் அளிக்கப்பட்டது. அப்பொழுதும் கொதிப்பு அடங்கவில்லை. செப்டெம்பரில் சூரிச் அரசே கவிழ்ந்தது.

1846இல் அந்நூல் ஆங்கிலத்தில் வந்தது. மொழிபெயர்த்த இளம்பெண்ணே பின்னர் ஜோர்ஜ் எலியட் எனப் புகழ்பெற்ற நாவலாசிரியை.

ஸ்ட்ரவுஸின் முடிபுகளை ஏற்காதார் இன்றும் பலர். ஆயினும், சுவிசேஷங்களை வரலாற்று நோக்கில் ஆராயும் முறை இன்று பல இறையியற் பீடங்களிலே பாடமாய் விளங்குகின்றது. அதனால் கிறிஸ்தவம் அழிந்துபோகவுமில்லை. ஆனால், அதனை ஒளியாது உரைத்த ஆசிரியருக்கோ, இறக்கும்வரை மீண்டுமொரு பேராசிரியர் பதவி கிட்டவில்லை.