நுகம் சுமந்த தோள்களுக்கு ஒரு நாள்

தை மாதத் தொடக்கத்தில் இரு திருநாள்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வருகின்றன. ஜனவரி 15 அல்லது 16இல் மாட்டுப் பொங்கல். 17ஆம் நாள் புனித வனத்து அந்தோணியார் திருவிழா. எகிப்தியப் பாலைவனத்தில் தவமியற்றி, நூறு வயதைக் கடந்து 356ஆம் ஆண்டில் இறந்த அத்துறவியாருக்கும் கால்நடைகளுக்கும் என்ன உறவு என்று மறைக்கல்விச் சிறுவர் நம்மைக் கேட்பதுண்டு. 1095ஆம் ஆண்டளவில் அவர் பெயரால் பிரான்சில் தோன்றிய மருத்துவத் துறவியர் சபை, நோயாளிகளைப் பேணும் செலவுக்காகப் பன்றிகளை வளர்த்தது. கழுத்தில் மணி கட்டிய அப்பன்றிகள் நகரத் தெருக்களில் தடையின்றித் திரியலாம் என்பது அவர்களுக்குக் கிடைத்த சலுகை. அவ்வாறு பன்றியில் தொடங்கிய பாதுகாவல் குதிரைக்கும் கழுதைக்கும் மாட்டிற்கும் விரிந்தது.

உரோமை நகரில் இத்திருநாளன்று வண்டிக் குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் ஆலய வாயிலுக்குக் கொண்டுவந்து மந்திரிப்பது நெடுநாள் வழக்கம். 1787ஆம் ஆண்டில் அங்கிருந்த செருமானியக் கவிஞர் கேத்தே அதைக் கண்டு எழுதி வைத்திருக்கிறார். பிடரி மயிரையும் வாலையும் பின்னி நாடா கட்டிய விலங்குகள் வரிசையாக வர, குருவானவர் பெரிய தூரிகையால் தீர்த்தம் தெளித்தாராம். தம் விலங்கு ஆண்டு முழுதும் நோய்நொடியின்றி இருக்க வேண்டுமென்று வண்டியோட்டிகள் மெழுகுதிரி கொண்டுவந்தனராம். கோயில் வாசலில் ஆட்டையும் கோழியையும் பிடித்துக்கொண்டு நிற்கும் நம் தாய்மாருக்கு இக்காட்சி புதிதன்று.

செருமனியின் பவேரியா நாட்டில் இப்பெருமை புனித லியோனார்டுக்கு உரியது. பாட் டோல்ஸ் என்னும் ஊரில் நவம்பர் 6ஆம் நாள், நான்கு நான்காகப் பூட்டிய கனத்த இழுவைக் குதிரைகள் வண்ணம் தீட்டிய வண்டிகளை மலைமேலுள்ள சிற்றாலயத்துக்கு இழுத்துச் செல்லும். இன்றைய வடிவில் 1856 முதல் நடைபெறும் விழா அது. லியோனார்டு உண்மையில் சிறைப்பட்டோரின் பாதுகாவலர். அவர் சுரூபத்தின் கையிலுள்ள விலங்குச் சங்கிலியை மாடு கட்டும் சங்கிலி என்று குடியானவர்கள் கருதிக்கொண்டனர் என்பர். தவறாகவே இருக்கட்டும், அதனால் குதிரைகளுக்கு ஒரு திருநாள் கிடைத்தது.

மேனாட்டுப் பழங்கோட்டைகளில் இந்நாளில் இடைக்கால விழாக்கள் என்று நடத்துகிறார்கள். அன்றைய உடை உடுத்து, அன்றைய அப்பம் சுட்டு, இழுவைக் குதிரைகளைக் கொண்டு மரம் இழுத்தும் ஏர் உழுதும் காட்டுவர். அக்குதிரைகளே இடைக்காலத்து வயல்களின் உயிர்நாடி. கழுத்தை நெரிக்கும் பழைய வார்ப்பட்டை போய், தோளில் பாரம் தாங்கும் கழுத்து வளையம் வந்த பிறகே குதிரை முழு வலிவோடு இழுக்க முடிந்தது. பிரான்சில் மட்டும் இழுவைக் குதிரை இனங்கள் ஒன்பது உண்டு. சில ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் டிராக்டர் வரவே அவற்றுக்கு வேலை இல்லாமற் போயிற்று. அதன்பின் அந்த இனங்கள் அழியாமல் நின்றதற்குப் பெருங்காரணம் இறைச்சிக் கடைதான். கோட்டையில் மாலையிட்டுக் கைதட்டும்போது அங்குள்ளோர் இதையும் நினைப்பார்களா?

நம் நாட்டில் குதிரை ஏர் உழுததில்லை. அது கடல்வழி வந்த விலையுயர்ந்த விலங்கு. அரசர்க்கும் போருக்கும் உரியது. செஞ்சிக் கோட்டைக்குச் சென்றவர்கள் அங்குள்ள குதிரை லாயத்தைக் கண்டிருப்பீர்கள். 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மடிந்த தேசிங்கின் குதிரையைக் கதைப்பாடகர்கள் இன்றளவும் பாடுகிறார்கள். அந்தக் கோட்டைக்குக் கல்லும் நெல்லும் ஏற்றிச் சென்ற வண்டி மாடுகளைப் பாடுவார் இல்லை. போர்க்குதிரைக்குப் பாட்டு வாய்த்தது. உழைத்த மாட்டுக்கு வாய்த்ததெல்லாம் ஆண்டுக்கொரு பொங்கல்தான்.

அந்தப் பொங்கலை எண்ணிப் பாருங்கள். கொம்புக்கு வண்ணம், கழுத்துக்குச் சலங்கை, நெற்றிக்குப் பொட்டு ஆகியவை கண்ணுக்குத் தெரிவன. அவற்றினும் பெரியது, அன்று நுகத்தடி தோளில் ஏறாது என்பது. ஆண்டெல்லாம் திமிலுக்கு முன்னே பாரம் தாங்கிக் காய்த்துப்போன தோளுக்கு அன்று ஓய்வு. ஏரி மாவட்டம் என்று பெயர் பெற்ற நம் பழைய செங்கற்பட்டில், உழவு மட்டுமன்று, பரம்படித்தல், போரடித்தல், கவலை இறைத்தல் யாவும் மாட்டின் வேலையே. கவலையில் மாடு முன்னும் பின்னுமாக நடந்தே கிணற்று நீரை மேலேற்றியது. வண்டி மாட்டுக்கு லாடம் அடிப்பவரும் ஊர்தோறும் வருவார். குதிரைக்குக் காலுக்கு ஒன்றாக நான்கு லாடம். குளம்பு பிளந்த மாட்டுக்குக் காலுக்கு இரண்டாக எட்டு.

வாடிவாசற் காளைக்காக 2017இல் தமிழகம் திரண்டெழுந்தது, சட்டம் திருத்தப்பட்டது, 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் ஏர் மாடும் வண்டி மாடும் ஓசையின்றி மறைந்தபோது கடற்கரையில் எவரும் கூடவில்லை.

திருப்பெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை இன்று கண்ணுக்கெட்டிய தூரம் ஆலைகள். பெயரிலேயே கோட்டையை வைத்திருக்கும் இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் கார்களும், 2012இல் டைம்லரின் கனரக லாரிகளும், 2013இல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்களும் வந்தன. நம் பங்குப் பிள்ளைகள் பலர் இவற்றால் உண்கிறார்கள். ஆலைகளைப் பழிக்க நாம் வரவில்லை. எனினும் ஒரு வேடிக்கையைக் காணுங்கள். இங்கு உருவாகும் ஒவ்வொரு வண்டிக்கும் இன்னும் குதிரைக் கணக்கே. நீராவி எந்திரத்தை விற்க முயன்ற ஜேம்ஸ் வாட், அது எத்தனை குதிரைகளின் வேலையைச் செய்யும் என்று வாங்குவோர்க்குச் சொல்வதற்காக வகுத்த அளவு அது. 75 கிலோ எடையை ஒரு நொடியில் ஒரு மீட்டர் உயர்த்துவது ஒரு குதிரைத்திறன். 350 சி.சி. புல்லட்டில் 20 குதிரைகள். கனரக லாரி ஒன்றில் 250க்கும் மேல். இத்தனை குதிரைகளுக்கும் திருநாள் எது?

ஆயுத பூசையன்று எந்திரங்களுக்கு மாலை விழுகிறது. நம் மரபிலோ இதற்கென்றே ஒரு புனிதர் இருக்கிறார். 660ஆம் ஆண்டில் இறந்த நொயோன் ஆயர் எலிஜியுஸ், பொற்கொல்லராய் இருந்தவர். லாடம் அடிப்போர்க்கும் உலோகத் தொழிலாளர்க்கும் பாதுகாவலர். டிசம்பர் 1 அவர் திருநாள். முரட்டுக் குதிரையின் காலைக் கழற்றி லாடம் அடித்து மீண்டும் பொருத்தினார் என்றொரு புராணம் உண்டு. காலைக் கழற்றிப் பூட்டுவது அன்று புதுமை. ஆலையில் பணிபுரியும் நம் இளைஞர்க்கோ நாள்தோறும் அதுதானே வேலை!

வேடிக்கை இருக்கட்டும். ஓய்வுநாள் கட்டளையைச் சொல்லும்போது இணைச்சட்ட நூல் மாட்டையும் கழுதையையும் மறவாமல் குறிப்பிடுகிறது. அடிமைக்கும், ஊரில் தங்கியுள்ள அந்நியனுக்கும் அதே மூச்சில் அந்நாளை அளிக்கிறது. எந்திரத்துக்கும் பராமரிப்பு விடுமுறை உண்டு. ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, ஓர் அறையில் பலராய்த் தங்கி, ஞாயிறும் ஷிப்டுக்குப் போகும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நுகம் இறங்கும் நாள் எது? வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நம் குடும்பத்தாரும், ஆள் எடுத்து அனுப்பும் நம் பங்கு ஒப்பந்தக்காரரும் இதை எண்ணிப் பார்க்கலாம்.

அந்தோணியார் திருநாளன்று நம்மிடம் மந்திரிக்க வருவனவற்றுள் இப்போது ஏர் மாடு ஒன்றுமில்லை. மேய்க்கால் புறம்போக்கு சுருங்கியபின் எஞ்சிய கறவைப் பசுக்கள் சில, ஆடு, கோழி, பின்னே நீண்ட வரிசையாக வண்டிகள். சென்ற முறை வந்த லாரி ஒன்றின் ஓட்டுநர், இரவெல்லாம் ஓட்டிய களைப்பில், செபம் முடியுமுன் இருக்கையிலேயே உறங்கிவிட்டார். எழுப்பப் போன கோயில்பிள்ளையை நாம் தடுத்தோம். பின்னால் நின்ற வண்டிகள் அரைமணி நேரம் காத்திருந்தன.