ஐடி வேலையில் 40 வயது: புரமோஷன் வந்ததும் சட்டப் பாதுகாப்பு ஏன் போய்விடுகிறது?

உங்கள் டீமில் அதிக வயதானவருக்கு எத்தனை வயது இருக்கும்? 38? 42? ஐம்பதைத் தாண்டிய ஒரு டெவலப்பரை (டைரக்டர் இல்லை, தினமும் கோட் எழுதுகிற டெவலப்பரை) ஆபீஸ் கேன்டீனில் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? மருத்துவமனையிலும் நீதிமன்றத்திலும் தலை நரைக்க நரைக்க ஃபீஸ் கூடும். ஐடியில் மட்டும் அந்த வயதுக்காரர்கள் எங்கே போகிறார்கள்?

2025 ஜூலையில் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது. டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000-க்கும் மேற்பட்டோரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. இவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்கள் என்று நிறுவனமே சொன்னது. ‘ஏஐ காரணமில்லை, திறன் பொருந்தவில்லை, சிலரை ப்ராஜெக்ட்டில் போட முடியவில்லை’ என்ற ரீதியில் இருந்தது தலைமைச் செயல் அதிகாரி கே.கிருத்திவாசனின் விளக்கம். ஜூன் இறுதியில் 6,13,069 ஆக இருந்த ஊழியர் எண்ணிக்கை செப்டம்பர் இறுதியில் 5,93,314 ஆனது. தாமாக விலகியவர்களையும் சேர்த்து மூன்று மாதத்தில் 19,755 பேர் குறைந்திருந்தார்கள்.

‘உனக்கு வயசாயிடுச்சு, கிளம்பு’ என்று இந்திய ஐடியில் யாரும் சொல்வதில்லை. வயது இங்கே வேறு பெயர்களில் வரும்: காஸ்ட், எக்ஸ்பீரியன்ஸ் ஸ்லாப், பெஞ்ச் நாட்கள், ‘கல்ச்சர் ஃபிட்’. அதனால்தான் இதைப் பிடிப்பதும் கஷ்டம், நிரூபிப்பதும் கஷ்டம். உங்களுக்கு இப்போது 28 வயது என்றால், ‘இது நம்ம கதை இல்லை’ என்று தோன்றலாம். கொஞ்சம் பொறுங்கள். கதை உங்கள் அடுத்த புரமோஷனில் இருந்துதான் தொடங்குகிறது.

பிரமிடு செய்யும் வேலை

ஐடி சர்வீஸ் நிறுவனங்கள் பிரமிடு வடிவில் இயங்குகின்றன. அடியில் ஏராளமான ஃப்ரெஷர்கள், நடுவில் கொஞ்சம் லீட்கள், உச்சியில் ஓரிரு மேனேஜர்கள்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 பேர் கொண்ட டீம். ஆண்டுக்கு 4.5 லட்சம் வாங்குபவர்கள் 7 பேர், 12 லட்சம் வாங்குபவர்கள் 2 பேர், 25 லட்சம் வாங்கும் மேனேஜர் ஒருவர். மொத்தம் 80.5 லட்சம். கிளையன்ட் தருவது 1 கோடி என்று வைத்துக்கொள்ளுங்கள். லாபம் இருக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். இப்போது இதே 10 பேரும் எங்கும் போகாமல், ஆண்டுக்கு 8 சதவீத ஹைக் வாங்கிக்கொண்டு 8 வருடம் அங்கேயே இருந்தால்? சம்பளச் செலவு சுமார் 1.49 கோடி ஆகிவிடும். ‘எங்க ஆட்கள் எட்டு வருஷம் பழுத்துட்டாங்க, ரேட்டை ஒன்றரை மடங்கு ஆக்குங்க’ என்றால் கிளையன்ட் கேட்பாரா? பெரும்பாலும் குறைக்கச் சொல்லித்தான் கேட்பார்.

ஆக, நடுவில் இருப்பவர்களில் பலர் நகர்ந்தால்தான் பிரமிடு நிற்கும். துறை வேகமாக வளர்ந்தபோது இது யார் கண்ணிலும் படவில்லை. புதுப்புது ப்ராஜெக்ட்கள் வந்தன, புதுப்புது பிரமிடுகள் எழும்பின, இங்கே நடுவில் இருந்தவர் அங்கே உச்சிக்குப் போனார். மிச்சப் பேர் தாமாகவே கம்பெனி மாறினார்கள். 2022 ஜூன் காலாண்டில் இன்ஃபோசிஸின் அட்ரிஷன் 28.4 சதவீதம். 2025 ஜூன் காலாண்டில் அது 14.4 சதவீதம். வெளியே வேலை கிடைக்காதபோது யாரும் தாமாகப் போக மாட்டார்கள். அப்போதுதான் ஹெச்ஆர் மீட்டிங் இன்வைட் வருகிறது.

இதோடு பெஞ்ச் விதியையும் சேர்த்துப் பாருங்கள். 2025 ஜூன் 12 முதல் டிசிஎஸ் கொண்டுவந்த கொள்கைப்படி, ஒருவர் ஆண்டுக்குக் குறைந்தது 225 நாள் பில்லபிளாக இருக்க வேண்டும். பெஞ்ச்சில் 35 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. விதி எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் 3 வருட அனுபவக்காரரைக் கேட்கும் ப்ராஜெக்ட்கள் எத்தனை, 18 வருட அனுபவக்காரரைக் கேட்பவை எத்தனை? அடி எங்கே விழும் என்பதை இந்த வித்தியாசமே முடிவு செய்துவிடுகிறது.

‘அவர் அப்டேட் ஆகல’ என்பது உண்மையா?

சிலர் விஷயத்தில் உண்மைதான். கோட்டைத் தொட்டு எட்டு வருஷம் ஆனவர்கள் எல்லா நிறுவனத்திலும் உண்டு. ஆனால் அந்த எட்டு வருஷமும் அவர்களை எக்செல், ஸ்டேட்டஸ் கால், அப்ரைசல் படிவம் என்று உட்கார வைத்தது யார்? கோட் எழுதிக்கொண்டே சம்பளம் உயரும் பாதை பெரும்பாலான சர்வீஸ் நிறுவனங்களில் மிகக் குறுகலானது. ஹைக் வேண்டுமா, ஆட்களை மேய்க்க வேண்டும். மேய்த்து முடித்ததும், ‘உங்க கிட்ட டெக்னிக்கல் ஸ்கில் இல்லையே’ என்கிறார்கள். இதில் எனக்கு நியாயம் எதுவும் தெரியவில்லை.

வயதானால் கற்கும் திறன் போய்விடும் என்ற நம்பிக்கையைத் தரவுகளும் ஆதரிக்கவில்லை. அமெரிக்காவின் வட கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல், ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தில் பதில் எழுதுபவர்களின் வயதையும் அவர்கள் பெற்ற மதிப்பையும் ஒப்பிட்டார்கள். வயது கூடக் கூட மதிப்பும் கூடியது. அன்றைக்குப் புதிதாக இருந்த தொழில்நுட்பங்களிலும் மூத்தவர்கள் பின்தங்கவில்லை. ஐம்பதிலும் அந்தத் தளத்தில் வந்து பதில் எழுதுபவர் ஆர்வம் உள்ளவராகத்தான் இருப்பார் என்பது வேறு விஷயம். அதையும் கணக்கில் வைத்தே இதைப் படியுங்கள்.

சட்டம் யாரைத் தொழிலாளர் என்கிறது?

இனி வருவதுதான் உங்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள பகுதி.

மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 15-வது பிரிவு. வயது அந்தப் பட்டியலில் இல்லை. அரசு வேலை பற்றிய 16-வது பிரிவிலும் இல்லை. தனியார் நிறுவனங்களில் வயதுப் பாகுபாட்டைத் தடை செய்யும் தனிச் சட்டமும் இந்தியாவில் கிடையாது. ‘35 வயதுக்கு உட்பட்டவர்கள் விண்ணப்பிக்கலாம்’ என்று ஒரு நிறுவனம் விளம்பரமே கொடுக்க முடிவது இதனால்தான்.

ஆனால் ஆட்குறைப்புக்கு ஒரு பழைய விதி உண்டு: கடைசியாக வந்தவரே முதலில் போக வேண்டும். 1947-ம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் 25ஜி பிரிவு இதைச் சொன்னது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டமும் இதையே சொல்கிறது. முதலாளி இதிலிருந்து விலகலாம், ஆனால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். நோட்டீஸும், ஒவ்வொரு முழு ஆண்டுப் பணிக்கும் 15 நாள் சராசரிச் சம்பளமும் தர வேண்டும். ஐடியில் நடப்பது இதற்கு நேர் எதிர். முதலில் வந்தவர்தான் முதலில் போகிறார்.

அது எப்படி முடிகிறது? இந்தப் பாதுகாப்பு ‘தொழிலாளர்’ என்ற வரையறைக்குள் வருபவர்களுக்கு மட்டும்தான். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் இதில் வர மாட்டார். மேற்பார்வை வேலை செய்துகொண்டு மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குபவரும் வர மாட்டார் (பழைய சட்டத்தில் இந்த வரம்பு 10,000 ரூபாய்). ஆனால் தொழில்நுட்ப வேலை செய்பவருக்குச் சம்பள உச்சவரம்பு எதுவும் இல்லை. அதாவது மாதம் 2 லட்சம் வாங்கினாலும், நாள் முழுக்கக் கோட் எழுதுபவர் தன்னைத் தொழிலாளர் என்று வாதாட இடமுண்டு. 60,000 வாங்கும் டீம் லீடின் முக்கிய வேலை மேற்பார்வைதான் என்று ஆகிவிட்டால் அவர் வெளியே. நீங்கள் டீமுக்கு ட்ரீட் வைத்த அந்த புரமோஷன், உங்களைச் சட்டத்தின் வேலிக்கு வெளியே நிறுத்தியிருக்கலாம்.

‘மேனேஜர்’ என்று விசிட்டிங் கார்டில் இருந்தால் மட்டும் எல்லாம் முடிந்துவிடாது. பதவியின் பெயரை அல்ல, உண்மையில் செய்யும் வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. 2015 ஜனவரியில் டிசிஎஸ் பணிநீக்கம் செய்த ஒரு கர்ப்பிணி ஊழியர், தானும் சட்டப்படி தொழிலாளரே என்று சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இடைக்காலத் தடை கிடைத்தது. பிறகு நிறுவனமே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றது. ஐடி ஊழியர்கள் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழ்நாடு அரசு 2016-ல் தெளிவுபடுத்தியது இதற்கு அடுத்த கட்டம்.

அமெரிக்காவில் 45 நாள், இங்கே அரை மணி நேரம்

அமெரிக்காவில் 1967 முதல் வயதுப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் இருக்கிறது. 40 வயதைத் தொட்டவர்கள் அதன் பாதுகாப்புக்குள் வருகிறார்கள். 1990-ல் சேர்ந்த திருத்தம் இன்னும் சுவாரசியமானது. கூட்டமாக ஆட்களை நீக்கும் நிறுவனம், ‘வழக்குப் போட மாட்டேன்’ என்று 40 வயதைத் தாண்டியவர்களிடம் கையெழுத்து கேட்டால், யோசிக்க 45 நாள் தர வேண்டும். கையெழுத்து போட்ட பிறகும் 7 நாளுக்குள் மனம் மாறலாம். அது மட்டுமல்ல, அந்தப் பிரிவில் நீக்கப்படுபவர்கள் யார், தொடர்பவர்கள் யார் என்று பதவி, வயது வாரியாகப் பட்டியலும் கொடுக்க வேண்டும்.

சட்டம் இருந்தாலே எல்லாம் சரியாகிவிடுமா? இல்லை. 2013 முதல் 2018 வரை ஐபிஎம் மூத்த ஊழியர்களிடம் பாகுபாடு காட்டியதாக அந்நாட்டின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2020-ல் கண்டறிந்தது. நிறுவனம் அதை மறுத்தது. வயதான ஊழியர்களை ‘டைனோபேபிஸ்’ என்று உயரதிகாரிகள் குறிப்பிட்ட மின்னஞ்சல்கள் 2022-ல் நீதிமன்ற ஆவணங்கள் வழியே வெளியே வந்தன. ஆனால் அங்கே குறைந்தபட்சம் ஆவணம் வெளியே வர ஒரு வழி இருக்கிறது.

இந்தியச் சட்டத்திலும் 40 என்ற எண் ஒரு இடத்தில் வருகிறது. வருமான வரி விதிகளில். விருப்ப ஓய்வுத் தொகைக்கு வரிச் சலுகை பெற, 10 ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும் அல்லது 40 வயது நிறைந்திருக்க வேண்டும். அங்கே 40 வயதானால் காப்பாற்றுகிறார்கள், இங்கே கிளம்புவதற்குச் சலுகை தருகிறார்கள்!

வயது ஏன் எந்தக் கணக்கிலும் இல்லை?

பங்குச் சந்தையில் மதிப்பின்படி முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள், செபி விதிப்படி ஆண்டுதோறும் ‘பிஆர்எஸ்ஆர்’ என்ற பொறுப்புடைமை அறிக்கை தர வேண்டும். வேலையை விட்டுப் போனவர்களின் விகிதத்தை ஆண், பெண் என்று பிரித்துக் கேட்கிறது அந்தப் படிவம். வயதைக் கேட்பதில்லை. ஜிஆர்ஐ என்ற சர்வதேச அறிக்கைத் தரத்தில் 30-க்குக் கீழ், 30-50, 50-க்கு மேல் என மூன்று பிரிவு உண்டு. அதைப் பின்பற்றும் நிறுவனங்கள் வெளியிடுகின்றன. ஆனால் 31 வயதுக்காரரும் 49 வயதுக்காரரும் ஒரே கட்டத்தில் இருந்தால், நமக்கு வேண்டிய விடை அதில் எங்கே தெரியும்?

நீங்கள் அந்தப் பக்கம் உட்காரும்போது

இன்டர்வியூ பேனலில் 29 வயதில் நீங்கள். எதிரே 44 வயதுக்காரர். ‘ஓவர் குவாலிஃபைட்’, ‘டீமோட செட் ஆக மாட்டார்’ என்று ஃபீட்பேக் எழுதும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவரால் வேலை செய்ய முடியாது என்பது பிரச்சினையா, அல்லது அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட உங்களுக்குக் கூச்சமா? நம்ம ஊர்ப் பழக்கத்தில் வயதில் மூத்தவருக்கு ‘இதை முடிச்சிட்டீங்களா?’ என்று மெயில் போடுவது சங்கடம்தான். அந்தச் சங்கடத்தை அவருடைய குறையாக எழுதக் கூடாது. ‘அனுபவம்: 6 முதல் 9 வருடம்’ என்று ஜாப் டிஸ்கிரிப்ஷனில் போடும்போது, அந்த 9 எதற்கு என்று ஹெச்ஆரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் இருக்காது. போன முறை போட்டதை காப்பி பண்ணியிருப்பார்கள்.

அந்த மீட்டிங் இன்வைட் உங்களுக்கே வந்தால்?

முதல் விஷயம், அந்த அறைக்குள்ளேயே ராஜினாமா கடிதத்தில் கையெழுத்து போடாதீர்கள். நீங்களாக விலகியதாக எழுதிக் கொடுத்துவிட்டால் அது சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது. 15 நாள் கணக்கும் கிடையாது, கடைசியாக வந்தவர் முதலில் என்ற விதியும் கிடையாது. ‘படிச்சுப் பார்க்க நேரம் வேணும், மெயில்ல அனுப்புங்க’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ‘ராஜினாமா பண்ணலைன்னா டெர்மினேட் பண்ணுவோம், அடுத்த கம்பெனி எடுக்காது’ என்பார்கள். என்ன பேசினார்கள் என்பதை அன்றைக்கே ஹெச்ஆருக்கு மெயிலாக எழுதிப் பதிவு செய்யுங்கள். தொழிலாளர் துறைக்கோ வழக்கறிஞரிடமோ போகும்போது அந்த மெயில்தான் உதவும்.

லீட் ஆன பிறகும் நீங்கள் எழுதும் கோட், மூடும் டிக்கெட், செய்யும் ரிவ்யூ ஆகியவை உங்கள் அப்ரைசல் படிவத்தில் இடம்பெறுகின்றனவா என்று பாருங்கள். ‘டீமை வழிநடத்தினேன்’ என்று மட்டும் எழுதினால், நாளைக்கு அதுவே உங்களுக்கு எதிரான ஆவணம்.

கம்பெனி தரும் மெடிக்கல் இன்ஷூரன்ஸ் வேலையோடு போய்விடும். தனியாக ஒரு பாலிசியை 30-களின் தொடக்கத்திலேயே எடுப்பது நல்லது. ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வைக்க காப்பீட்டு நிறுவனங்களுக்கு அனுமதி உண்டு. சுகரோ பிரஷரோ வந்த பிறகு, வேலையும் போன பிறகு, 42-ல் அந்த மூன்று வருடத்தைத் தொடங்குவது பெரிய கஷ்டம்.

அப்புறம், உங்கள் பிஎஃப் யூஏஎன் கணக்கில் ஆபீஸ் சிம் நம்பரோ ஆபீஸ் மெயிலோ கொடுத்திருந்தால் இன்றைக்கே மாற்றுங்கள். லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் சிம்மையும் கேட்பார்கள். ஓடிபி அதற்குத்தான் போகும்.