உறங்கும் கருவியை எழுப்புவது யார்?

ராசிபுரத்தை அடுத்த ஆண்டகளூர் கேட் வழியாகச் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் ஓயாமல் லாரிகள் செல்கின்றன. சில லாரிகளில் வழிகாட்டும் ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்திருப்பீர்கள். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் துணைக்கோள்களிலிருந்து வரும் சைகைகளைப் பெற்று, தான் இருக்கும் இடத்தை அது கணக்கிடுகிறது.

அந்தக் கருவி திடீரென்று உறைந்து, பொத்தானை அழுத்தினாலும் அசையாமல் நின்றால் தூக்கி எறிந்துவிடலாமா? கூடாது. காரணத்தை ஆராய்வோம்.

கருவியிலுள்ள நுண்செயலிக்கு வேலை சொல்லும் ஆணைத்தொடருக்கு ஃபெர்ம்வேர் என்று பெயர். மின்சாரம் நின்றாலும் அழியாத நினைவகத்தில் அது எழுதப்பட்டிருக்கும். அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். ஏன்? ஜி.பி.எஸ். காலக்கணக்கு 1980 ஜனவரி 6-இல் தொடங்கியது. பழைய சைகை முறையில் வார எண் 1023 வரைதான் போகும்; பிறகு மீண்டும் 0. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் இவ்வாறு நேர்ந்தபோது, புதுப்பிக்கப்படாத சில பழைய கருவிகள் தேதியைத் தவறாகக் காட்டின.

புதுப்பிக்கும்போது பழைய ஆணைகளை அழித்துவிட்டுத்தான் புதியவற்றை எழுத முடியும். நடுவில் மின்சாரம் நின்றால்? பாதி ஆணைதான் மிஞ்சும். கருவி உறைந்துவிடும்.

இங்கேதான் பூட்லோடர் என்னும் சிறிய நிரல் கைகொடுக்கிறது. பல கருவிகளில் அது நினைவகத்தின் தனி மூலையில், அழிபடாமல் இருக்கும். கருவி விழித்ததும் முதலில் இயங்குவது இதுவே. ஃபெர்ம்வேர் முழுமையாக உள்ளதா என்று இது சோதிக்கும். எப்படி? 4, 7, 9 என்று எழுதி, இறுதியில் கூட்டுத்தொகை 20 என்று குறித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 9 விடுபட்டால் கூட்டுத்தொகை 11, பிழை தெரிந்துவிடும். உண்மையான சோதனை இதைவிடக் கடினமானது, தத்துவம் இதுதான். பிழை தெரிந்தால், கணினியிலிருந்து புதிய ஃபெர்ம்வேர் வரும் வரை பூட்லோடர் காத்திருக்கும்.

ஆகவே, செய்ய வேண்டியவை:

1. மின்கலத்தை முழுமையாக மின்னேற்றுங்கள்.
2. மெமரி கார்டு இருந்தால் கழற்றிவிட்டு, பொத்தானைச் சற்று நீண்ட நேரம் அழுத்திப் பாருங்கள்.
3. அப்போதும் எழாவிட்டால், கேபிள் மூலம் கணினியுடன் இணைத்து, அதே மாடலுக்குரிய ஃபெர்ம்வேரை ஏற்றுங்கள். வேறு மாடலுக்குரியது கேடு விளைவிக்கும்.
4. ஏற்றி முடியும்வரை கேபிளைப் பிடுங்காதீர்கள்.

பூட்லோடரே பழுதானால், கைதேர்ந்த பழுதுபார்ப்பவரின் உதவி தேவைப்படும்.

வார எண் அடுத்து எப்போது 0 ஆகும்? கணக்கிட்டுப் பாருங்கள்.
(விடை: 2038 நவம்பர்)