அணை கட்டும் பீவர்

காவேரிக் கரையில் வாழ்வோர் நீர்நாயை அறிவர். அதனோடு ஒன்றாகப் பலரால் மயங்கி எண்ணப்படும் வேறொரு பிராணி உண்டு. அதற்குப் பீவர் என்று பெயர். நீர்நாய் மீனைத் தின்னும். பீவரோ மீனைத் தொடாது. மரப்பட்டையும் இளங்கொம்பும் நீர்ப்பூண்டுமே அதன் ஆகாரம். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வசிக்கும் இது அணில், எலி ஆகியவற்றின் வகுப்பைச் சேர்ந்தது. வளர்ந்தது பெரும்பாலும் நாற்பது ராத்தல் அளவு நிறையுள்ளது. அதன் முன்பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வன. இரும்புச் சத்துக் கலந்திருத்தலின் செம்மஞ்சள் நிறம் வாய்ந்தவை. தச்சனுடைய உளியை ஒத்தவை.

முற்காலத்தில் தொப்பி செய்வதற்கென்று இதன் உரோமத்தை நாடி மனிதர் வேட்டையாடியமையால், 1900ஆம் ஆண்டளவில் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் சேர்ந்து ஏறக்குறைய 1,200 பீவர்களே எஞ்சின. பின்னர்ச் சட்டத்தின் காவலாலும், பழைய இடங்களிலே மீண்டும் கொணர்ந்து விடப்பட்டமையாலும், அவை பெருகின. ஸ்காட்லாந்தில் 2019இலும் இங்கிலாந்தில் 2022இலும் பாதுகாக்கப்பட்ட பிராணியாயின. பெருகவே, குடியானவனுக்கும் அவற்றிற்கும் வழக்கு மூண்டது.

குடியானவனுடைய முறைப்பாடு பொய்யன்று. தன் பாட்டன் நட்ட பழமரம் விடியற்காலையில் வெட்டுண்டு கிடப்பதை அவன் காண்கிறான். வடிகாலை அடைத்துவிட்டமையால் நீர் தேங்கிப் பயிர் அழுகுகிறது. பாட்டையின் கீழுள்ள பாலக்கண் அடைபட்டு, பாட்டையே கரைந்துபோவதும் உண்டு. உடனே அவன் கடப்பாரை எடுத்து அணையை உடைக்கிறான். ஓரிரண்டு இரவுகளில் அணை பழையபடி எழுந்துவிடுகிறது. மறுபடியும் உடைக்கிறான். இப்போரில் களைப்பவன் பெரும்பாலும் மனிதனே.

அணையின் காரணத்தை அறிந்தால் இது வியப்பன்று. பீவர் குடும்பம் கொம்பும் சேறும் கொண்டு கட்டும் வீட்டின் வாயில் நீருக்குள் இருப்பது. நீர் வற்றினால் வாயில் வெளிப்பட்டு ஓநாய் முதலிய பகைக்கு வழியாகும். ஆதலால் நீர் ஒழுகும் ஓசை அதற்கு அபாய மணி போன்றது. ஸ்வீடன் தேசத்து லார்ஸ் வில்ஸன் என்னும் ஆராய்ச்சியாளர் ஓடும் நீரின் ஒலியை ஒலிபெருக்கியின் வழியே கேட்பித்தபோது, பீவர்கள் அவ்வொலி வந்த இடத்திலே கொம்புகளைக் குவித்தனவாம்! பொறி வைத்துப் பிடித்து அகற்றினாலோ, இரண்டு வயதில் தாய்வீட்டை விட்டுப் புறப்படும் இளம் பீவர்கள் ஆளற்ற குளத்தைக் கண்டு குடியேறுகின்றன.

ஆகவே அணை இருக்கட்டும், நீரின் உயரத்தை மாத்திரம் குறைப்போம் என்று சிலர் கருதினர். நம் ஏரிகளுக்குக் கலிங்கு வைப்பதன் நோக்கமே இது. ஆனால் இங்கே அது ஓசையின்றி இருத்தல் வேண்டும். அணையை ஓரிடத்தில் அறுத்து, ஏறக்குறைய ஓர் அடி அகலமுள்ள குழாயைச் செலுத்துவர். அதன் உள்வாயை அணைக்குப் பல கஜ தூரத்துக்கு அப்பால், ஆழ்ந்த நீரில், கம்பிக்கூட்டினுள் அமைப்பர். நீர் போகும் இடத்தைப் பீவர் அறியாது அணையையே செப்பனிட்டுக்கொண்டிருக்கும். அணையினூடே குழாய் எவ்வளவு உயரத்தில் கிடக்கிறதோ அவ்வளவே குளத்தில் நீர் நிற்கும். பேராசையால் மிகத் தாழ்த்தி வைத்தால், பீவர் வேறிடத்தில் புதிய அணை கட்டும். கூட்டில் படியும் பாசியையும் குப்பையையும் அவ்வப்போது நீக்குதலும் வேண்டும். பாலக்கண்ணுக்கும் இவ்வாறே முன்புறத்தில் அகன்ற கம்பிவேலி இடுவதுண்டு.

மரங்களுக்கு உபாயம் எளிது. அடிமரத்தைச் சுற்றி, அதைத் தொடாதபடி சற்று விலக்கி, மூன்று நான்கு அடி உயரத்திற்குத் தடித்த கம்பிவலை கட்டினால் போதும். பனி பெய்யும் நாடாயின் அப்பனியின் மேலிருந்து உயரத்தை அளக்க வேண்டும். பீவர் பனிமேல் நின்றன்றோ கொறிக்கும்? வர்ணத்தில் மணல் கலந்து பூசுவாரும் உளர். பல்லுக்கு மணல் ஆகாது.

சமமான தாழ்நிலத்தில், நீர் சிறிது நின்றாலும் பயிர் கெடுமாயின், குழாயும் பயன்படாது. அங்கே அதிகாரிகளின் அனுமதி பெற்றுப் பீவரை அகற்றுவதே முறை என்று கூற நாம் தயங்கோம். 1948இல் அமெரிக்காவின் ஐடஹோ மாகாணத்தில் அவ்வாறு பிடித்த 76 பீவர்களை மரப்பெட்டிகளில் அடைத்து, பாட்டையற்ற மலைக்காட்டினுள் ஆகாய விமானத்திலிருந்து பாரசூட்டால் இறக்கினர். ஒன்றே இறந்தது, மற்றவை நலமாய் இறங்கின.

ஆயினும் தென் அமெரிக்காவின் கோடியிலுள்ள டியரா டெல் ஃபுயகோ தீவுக்கு இவ்வுபாயங்கள் ஒன்றும் உதவவில்லை. உரோம வியாபாரத்தை எண்ணி ஆர்ஜெண்டைனா அரசாங்கத்தார் 1946இல் கானடா தேசத்துப் பீவர்களை அங்கே விட்டனர். வியாபாரம் தழைக்கவில்லை, பீவர் தழைத்தது. அதை உண்ணும் ஓநாயும் கரடியும் அங்கே இல்லை. வட அமெரிக்காவின் வில்லோ மரம் வெட்டுண்ட அடியினின்று மீண்டும் தளிர்க்கும். அத்தீவின் லெங்கா மரமோ அவ்வாறு தழைத்தெழுவதில்லை. நீரில் நின்று செத்து வெளுத்த மரக்கூட்டங்கள் ஆற்றோரம் எங்கும் காணப்படுகின்றன. ஜலசந்தியையும் கடந்து பீவர்கள் பெருநிலத்தை அடைந்த பின்னர், ஆர்ஜெண்டைனாவும் சிலியும் 2008இல் அவற்றை அங்கிருந்து முற்றும் ஒழிப்பதென்று உடன்படிக்கை செய்துகொண்டன.