முஸ்தபாவுக்கு ஒரு பலகை

‘காதல் தேசம்’ பாட்டில் வரும் முஸ்தபா அல்ல, இவர் வேறு. ஓடிவந்து எட்டி உதைப்பவர். ஜப்பானின் கேப்காம் நிறுவனம் 1993-இல் வெளியிட்ட ‘காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்’ விளையாட்டில் நாயகர்கள் நால்வர். நம்மூர் வீடியோ கேம் கடைகளில் மற்ற மூவரை யாரும் பொருட்படுத்தவில்லை. விளையாட்டுக்கே ‘முஸ்தபா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அன்று காசு போட்டு விளையாடிய பையன்களுக்கு இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டது. அவர்களில் சிலருக்கு அந்தப் பெட்டியை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆசை வருகிறது.

திரை எளிது, பழைய மானிட்டர் போதும். கணினியும் எளிது. சிக்கலெல்லாம் கை படும் அந்தச் சாய்வுப் பலகையில்தான். எத்தனை பட்டன், எங்கே, எவ்வளவு இடைவெளி? இதை ஒருவர் கள்ளக்குறிச்சியில் உட்கார்ந்து யோசித்தால் கேள்வி இன்னும் சுவையாகிறது. இது மரச் சிற்பத்துக்காக 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற ஊர். ஒரு பலகையில் எதை எங்கே வைப்பது என்பதை உளி எடுப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடும் கைகள் இங்கே இருக்கின்றன.

சிற்பியின் கணக்கு டேப்பில் தொடங்குவதில்லை. நெற்றி விளிம்பிலிருந்து முகவாய் வரை ஒரு தாளம். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரையும் அதே ஒரு தாளம். அதைப் பன்னிரண்டாகப் பகுத்தால் ஒரு விரல். உருவம் சிறிதோ பெரிதோ, விகிதம் அதற்குள்ளிருந்தே வரும். பட்டன் பலகைக்கும் நான் சொல்வது இதைத்தான். இணையத்தில் கிடைக்கும் வரைபடங்களில் பல அமெரிக்க உடம்புக்கு வரைந்தவை. அதை அப்படியே பிரின்ட் எடுத்து மரத்தில் ஒட்டினால் தோள்பட்டைதான் வலிக்கும். இந்திய உடலளவுகளை அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-இலேயே தனி நூலாக வெளியிட்டிருக்கிறது. அது கையில் இல்லாவிட்டாலும் குறையில்லை. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டு முழங்கையை மடக்குங்கள். பலகையின் மேற்பரப்பு அந்த முழங்கைக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும்.

அடுத்தது விரல்கள். ஒரு வெள்ளைத்தாளில் வலது கையை இயல்பாக வைத்து, நுனிகளைப் பென்சிலால் குறியுங்கள். நான்கு புள்ளிகளும் நேர்க்கோட்டில் வராது. நடுவிரல் முன்னே நிற்கும், சுண்டுவிரல் பின்தங்கும். நல்ல பலகைகளில் பட்டன் வரிசை வில்லாக வளைந்திருப்பது இதனால்தான், அழகுக்காக அல்ல. 30 எம்.எம். பட்டன் என்றால் மையத்துக்கு மையம் 36 எம்.எம். அளவில் வைப்பது வழக்கம். முஸ்தபாவுக்கு வேண்டியது இரண்டே பட்டன்: ஒன்று அடிக்க, ஒன்று குதிக்க. ஆனால் கூட்டம் சூழ்ந்துகொண்டால் இரண்டையும் ஒருசேரத் தட்ட வேண்டும், கொஞ்சம் உயிர் குறைந்தாலும் பரவாயில்லை என்று. பட்டன்கள் தள்ளியிருந்தால் அப்படி ஒருசேரத் தட்ட வராது.

எத்தனை பட்டன் என்பதில் பேராசை கூடாது. 1980-இல் வந்த பேக்-மேனை ஆட ஒரே ஒரு ஜாய்ஸ்டிக் போதும், பட்டனே தேவையில்லை. 1991-இன் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-க்கு ஆறு பட்டன். இரண்டையும் ஒரே பலகையில் ஆடப் பார்க்கும்போதுதான் வம்பு. பேக்-மேனுக்கு நான்கு திசை போதும். எட்டுத் திசை ஜாய்ஸ்டிக்கில் மூலைக்குத் தள்ளினால் இரண்டு சுவிட்ச் ஒன்றாக அழுந்தும். பேக்-மேன் திருப்பத்தில் தடுமாறி நிற்க, பேய் பிடித்துவிடும். சில ஜாய்ஸ்டிக்குகளில் அடியிலுள்ள தடுப்புத் தகட்டை 45 பாகை திருப்பி வைத்தால் மூலைகள் அடைபடும். வாங்கும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள்.

விளையாட்டை விட்டு வெளியேறும் பட்டனை மட்டும் தூரத்தில், முடிந்தால் பலகையின் பக்கவாட்டில் வையுங்கள். இரண்டாம் உலகப்போரின் பி-17 விமானங்களில் இறக்கையின் ஃப்ளாப்புக்கும் சக்கரத்துக்கும் ஒரே மாதிரியான சுவிட்சுகள் அருகருகே இருந்தன. தரையிறங்கிய பிறகு விமானிகள் தவறிப்போய்ச் சக்கரத்தை உள்ளே இழுத்துவிட்டார்கள். உளவியலாளர் ஆல்ஃபோன்ஸ் சபானிஸ், பழி விமானியின் கவனக்குறைவு மீது அல்ல, சுவிட்சின் மீது என்று கண்டார். ஒரு பிடிக்குச் சக்கர வடிவம், மற்றதற்கு ஆப்பு வடிவம் என்று தீர்வு சொன்னார். இங்கே போவது உயிரல்ல, ஐந்தாம் கட்டம்வரை வந்த ஆட்டம்தான். அந்த நேரத்தில் பையனிடம் போய் இந்த வித்தியாசத்தைச் சொல்லிப் பாருங்கள்.

பட்டனுக்கு அடியில் ‘டக்’ என்று சத்தம் போடுவது மைக்ரோ சுவிட்ச். மெதுவாக அழுத்தினாலும், உள்ளேயுள்ள வில்தகடு ஒரு கட்டத்தில் சட்டென்று மறுபக்கம் தாவும். தாவிய உலோகம் உடனே அடங்காது. தரையில் போட்ட கோலிகுண்டு போலச் சில மில்லி விநாடிகள் துள்ளும். மனிதன் ஒருமுறை அழுத்தியதை, பட்டன்களைக் கவனிக்கும் சில்லு நான்கைந்து முறையாக எண்ணிவிடும். இதைத் தடுக்க இரண்டு வழி உண்டு. துள்ளல் அடங்கும்வரை காத்திருந்து பிறகு ஏற்பது ஒன்று. முதல் தொடுகையை உடனே ஏற்று, அடுத்த ஐந்து மில்லி விநாடிக்குக் காதை மூடிக்கொள்வது மற்றொன்று. திரையில் ஒரு படம் நிற்பதே சுமார் 16.7 மில்லி விநாடிதான். அதில் ஐந்தை வீணாக்குவானேன்? எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

வயரிங்குக்கு வருவோம். பழைய கீபோர்டின் சர்க்யூட்டைக் கழற்றிப் பயன்படுத்தும் ஆசையை விட்டுவிடுங்கள். அது வரிசையும் நிரலுமாகப் பின்னிய வலை. ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளை அழுத்தினால், அழுத்தாத நான்காவதும் அழுந்தியதாகக் காட்டக்கூடும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி இணைப்பே நல்லது. நான்கு திசை, ஆறு பட்டன், ஸ்டார்ட், காயின் என்று ஆளுக்கு 12. இருவருக்கு 24. பட்டன்களைக் கணினியோடு இணைக்கும் ராஸ்ப்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன போர்டில் 26 இணைப்புகள் இருப்பதால் கணக்கு கச்சிதம். ஒவ்வொரு சுவிட்சின் மறுமுனையும் பொதுவான கிரவுண்டுக்குப் போகும். அந்த கிரவுண்டு வயர் பட்டன் பட்டனாகத் தாவிச் செல்லும்போது கடைசிப் பட்டனிலிருந்து மீண்டும் போர்டுக்கே கொண்டுவந்து வளையமாக முடித்துவிடுங்கள். நடுவில் ஓரிடத்தில் அறுந்தாலும் ஆட்டம் நிற்காது.

இனி மரம். கள்ளக்குறிச்சியில் செய்கிறோம், தேக்குப் பலகையிலேயே செதுக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் மரம் ஈரத்தை உறிஞ்சினால் நீளவாக்கில் அசையாது, ரேகைக்குக் குறுக்கே உப்பும். சமவெளியின் கோடையில் காய்ந்த பலகையைக் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குக் கொண்டுபோய் மழைக்காலம் முழுக்க வைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் ஈரம் மூன்று சதவீதம் ஏறினாலே, 30 செ.மீ. அகலத் தேக்குப் பலகை ஒன்றரை எம்.எம். போல விரியும். மேலே இறுக்கித் திருகிய அக்ரிலிக் தகடு அதோடு சேர்ந்து நகராது. விரிசல் அங்கேதான் தொடங்கும். ப்ளைவுட்டில் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்கே ஒட்டப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை மிகக் குறைவு. ஆகவே ஆடும் தளம் ப்ளைவுட்டாக இருக்கட்டும், சிற்பியின் யாளியும் கொடியும் பெட்டியின் பக்கச் சட்டங்களில் ஏறட்டும். மணிக்கட்டு உரசும் முன்விளிம்பில் மட்டும் செதுக்கல் வேண்டாம், வழவழப்பாக உருட்டிவிடுங்கள்.

18 எம்.எம். ப்ளைவுட்டின் அடியில் ஜாய்ஸ்டிக்கை நேரே திருகினால், அதன் தண்டில் 18 எம்.எம். மரத்துக்குள்ளேயே போய்விடும், பிடிக்க மிஞ்சுவது குமிழ் மட்டும். அடிப்பக்கம் மரம் குடையும் ரவுட்டரால் குழி எடுத்து, மேலே சில எம்.எம். மட்டும் விட வேண்டும். பட்டனிலும் கவனம் தேவை. அழுத்திப் பொருத்தும் வகை மெல்லிய தகட்டுக்கானது, தடித்த மரத்தில் நிற்காது. நீண்ட கழுத்தும் நட்டும் உள்ளதைக் கேளுங்கள்.

துளை போடும் நாளைத் தள்ளிப்போடுங்கள். முதலில் ஓர் அட்டைப்பெட்டியில் துளையிட்டுப் பட்டன்களை மாட்டி, ஒரு வாரம் ஆடுங்கள். வீட்டுப் பிள்ளையையும் ஆடச் சொல்லுங்கள். அவள் கைக்கு எட்டாத பட்டன் எதுவென்று உடனே தெரிந்துவிடும். அட்டையில் நான்கு முறை மாற்றலாம். பிறகு மையங்களைக் காகிதத்தில் எடுத்து மரத்தில் ஒட்டி, ஹோல் சாவை மேலிருந்து முழுக்க இறக்காமல், நடு ட்ரில் முனை அடியில் எட்டிப்பார்த்ததும் நிறுத்தி, பலகையைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து முடியுங்கள். அடிப்பக்கம் சிலாம்பு தெறிக்காது.